அரிசிப் பூஞ்சையிலிருந்து வந்த மாத்திரை

உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி படுக்கப்போகும் முன் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று ஏதாவது மாத்திரை போடுகிறார்களா? கொழுப்பைக் குறைக்கும் இந்த ‘ஸ்டாட்டின்’ குடும்பத்தின் மூத்த பிள்ளை பிறந்தது ஜப்பானில், அரிசியில் பூத்த பூஞ்சையில்.

ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால் முழுவதும் சாப்பாட்டில் வருவதல்ல. பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. கல்லீரலுக்கு அதில் பெரிய பங்கு. தயாரிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. அதை மடக்கினால் உற்பத்தி குறையும். பற்றாக்குறையைச் சமாளிக்க, ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும்.

மடக்குவது எப்படி? டோக்கியோவில் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் இருந்த அகிரா எண்டோவுக்குப் பூஞ்சைகள் மீது நம்பிக்கை. பூஞ்சைக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. போட்டிக்கு வரும் நுண்ணுயிர்களை ரசாயனத்தால்தான் விரட்டும். அந்த எதிரிகளில் பலவற்றின் உயிரணுச் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வகைப் பொருள்கள் தேவை. அந்த உற்பத்தியையே கெடுக்கும் சரக்கு ஏதாவது ஒரு பூஞ்சையிடம் இருக்கத்தானே வேண்டும்?

1971இல் தேடல் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார்கள். முதலில் சிக்கிய ‘சிட்ரினின்’ என்ற பொருள் சிறுநீரகத்தைப் பதம்பார்த்தது. பிறகு, கியோட்டோவின் தானியக் கடை அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சையான பெனிசிலியம் சிட்ரினம் கைகொடுத்தது. 1973இல் அதிலிருந்து பிரித்ததுதான் காம்பாக்டின். நொதி கையாளும் மூலப்பொருளின் சாயல் இதற்கு உண்டு. நொதியில் அந்த மூலப்பொருள் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தக் கொழுப்பு இறங்கவே இல்லை. திட்டத்தை மூட்டை கட்டவேண்டிய நிலை. அப்போது வந்த யோசனை: முட்டையிடும் கோழி! மஞ்சள் கருவில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருந்தால், அந்தக் கோழியின் ரத்தத்திலும் நிறைய இருக்குமே. கொடுத்துப் பார்த்தார்கள், ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

காம்பாக்டின் கடைசிவரை கடைக்கு வரவில்லை. நாய்களிடம் கண்ட பாதிப்பால் 1980இல் சாங்கியோ அதை நிறுத்தியது. இன்னொரு பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸில் மெர்க் நிறுவனம் கண்டெடுத்த லோவாஸ்டாட்டினுக்கு, 1987இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

இன்றைய அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஆய்வகத்தில் செய்யப்படுபவை, பூஞ்சை தேவையில்லை. ஆனால் அவை போய் உட்காருவது, அந்த அரிசிப் பூஞ்சை காட்டிக்கொடுத்த அதே இடத்தில்தான்.