மடிமேல் ஒரு சதாவதானி

1907-ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை நேரில் கண்டவர்கள் இன்று ஒருவரும் இல்லை. ஆயினும், ஒருவர் ஈற்றடி கொடுக்க, மற்றொருவர் கணக்குப் போட, பின்னாலிருந்து ஒருவர் முதுகில் நெல்லை எறிய, வேறொருவர் இடையிடையே மணியை அடிக்க, அத்தனையையும் வாங்கிக்கொண்டு பிசகின்றி விடை சொல்வது அவதானக் கலையின் இயல்பென்று கேள்விப்பட்டிருக்கிறோம். கூர்ந்து நோக்கினால், அவதானி எல்லாவற்றையும் ஒரே கணத்தில் செய்துவிடுவதில்லை; ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போகிறார், மீண்டும் வருகிறார், வரும்போது விட்ட இடம் அப்படியே ஞாபகத்தில் நிற்கிறது. அவருடைய சாமர்த்தியம் முக்கால்வாசி அந்த ஞாபகசக்தியில்தான் இருக்கிறது. வேகம் அதற்கு அடுத்தபடி.

தணிக்கையாளர் ஒருவரிடம் வேலை பார்க்கும் என் தமக்கை மகள் சென்ற மாதம் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன் வைத்தபோது, எனக்கு நினைவு வந்தவர் அந்த அவதானிதான். “மாமா, ஒரு எழுத்தை அடிச்சிட்டு, காபி குடிச்சிட்டு வந்தாத்தான் அது திரையில விழுது, புதுசு வாங்கிடலாமா?” என்றாள். திரையில் டேலி என்னும் கணக்குச் செயலி ஒரு பக்கம், எக்செல் தாள்கள் நான்கு, வாட்ஸப், அவற்றோடு ப்ரௌசரில் இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நாடி பார்ப்பதற்கு அதைவிடச் சுலபமான உபாயம் இல்லை. ப்ராசஸர் நூற்றுக்குப் பதினான்கு, மெமரி தொண்ணூற்று மூன்று, டிஸ்க் நூறு. ப்ராசஸர் ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் கவனிக்கிறது என்றே பொதுவாகச் சொல்லலாம். சில மில்லி விநாடிகள் டேலிக்கு, சில ப்ரௌசருக்கு என்று அவகாசத்தைப் பங்கிட்டு அது சுற்றிவரும் வேகத்தில், எல்லாம் ஏககாலத்தில் நடப்பதாக நாம் மயங்குகிறோம். ஆனால் அது திரும்பி வரும்போது, விட்ட வேலைக்குரிய தகவல்கள் ராம் என்னும் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால்?

1962-இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையில் டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் இயக்கிவைத்த அட்லஸ் என்னும் கணினியில் இதற்கொரு யுக்தி கண்டார்கள். நினைவகத்தில் இடம் போதாதபோது, அப்போதைக்கு வேண்டாத பக்கங்களைச் சுழலும் காந்த உருளைக்கு அனுப்பிவிட்டு, வேண்டியபோது தானே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் சந்ததிதான் இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. கடன் வாங்குவதைப்போல அளவோடு இருந்தால் உபகாரம். அளவு மீறினால், ஒரு பக்கத்தைக் கொண்டுவருவதற்கு இன்னொன்றை வெளியேற்றி, அடுத்த நொடியே வெளியேற்றியதைத் தேடி, போக்குவரத்திலேயே பொழுது கழிகிறது. த்ராஷிங் என்று வழங்கும் இந்த அவஸ்தையின் காரணங்களைப் பீட்டர் டென்னிங் 1968-இல் ஆராய்ந்து எழுதினார். கதிரடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு உறவான சொல் அது. எனக்கோ, நெல்லே இல்லாத வைக்கோலை நாளெல்லாம் களத்தில் அடிக்கும் காட்சி தோன்றுகிறது.

அந்தப் போக்குவரத்துக்கு ஆகும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது, எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலிருந்து எடுக்க அதைப்போல் ஆயிரம் மடங்கு. நிமிஷத்துக்கு 5,400 தரம் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில், தகடு சுழன்று, முள் இடம் தேடி அமர்வதற்குள் ஏறக்குறைய லட்சம் மடங்கு. முதலாவதை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது பதினாறு நிமிஷச் சொச்சம், மூன்றாவது ஒரு நாளைக்கும் மேல். என் மருமகளின் கணினியில் இருந்தது 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும். காபி குடித்துவிட்டு வரவேண்டியிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

எனினும் ஆசையைக் கெடுப்பானேன் என்று ரிச்சி தெருவுக்கு அழைத்துச் சென்றேன். “ஐ-செவன் எடுத்துக்குங்க சார், பறக்கும்” என்றார் கடைக்காரர். அந்த ப்ராசஸரின் பெயரில் மயங்குவதற்கு ஒன்றுமில்லை. நாலைந்து தலைமுறைக்கு முந்திய ஐ-செவனைவிடப் புதிய ஐ-பைவ் திறமையாக வேலை செய்வது சகஜம், கணக்கு எழுதுகிறவருக்கு அதுவே தாராளம். நான் கேட்டது வேறு: ராம் எவ்வளவு, அது பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கூடுதலாகச் செருக இடம் உண்டா? மெல்லிய, அழகிய அந்த யந்திரத்தில் 8 ஜிபி, அதுவும் பற்றவைத்தது. திரைக்கான கிராபிக்ஸும் அதிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கொண்டுதான் ஆயுள் முழுதும் குடித்தனம் நடத்த வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் ப்ராசஸரில் ஒரு படி இறங்கியாவது 16 ஜிபியாக வாங்குவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அது இரண்டு துண்டுகளாக இருந்தால் தகவல் இரண்டு வழியாக வந்து போகும். கிராபிக்ஸுக்கு அதனால் நல்ல அனுகூலம். எஸ்.எஸ்.டி.யைப் பற்றி விவாதமே வேண்டாம்: இருந்தே தீரவேண்டும். சாட்டா வகை விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிட, என்.வி.எம்.இ. வகை அதைப்போல் ஆறு மடங்கும் அதற்கு மேலும் போகும் என்றாலும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்குச் சாட்டாவே சுவர்க்கமாகத் தோன்றும்.

முடிவில் நாங்கள் புதியது வாங்கவில்லை. பழைய கணினியின் அடிமூடியைக் கடைப் பையன் கழற்றிப் பார்த்தபோது, நாலு ஜிபி துண்டின் பக்கத்தில் ஒரு செருகுவாய் காலியாக இருந்தது. டிடிஆர்-3 வகை ராம் வழங்கிய காலத்து யந்திரமாக இருந்தால் டிடிஆர்-4 துண்டு அதில் ஏறாது, விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறி நிற்கும். நல்லவேளையாக எங்களுடையது டிடிஆர்-4. 8 ஜிபி துண்டு ஒன்றை அவன் சாய்வாகச் செருகி அழுத்த, இரு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’கென்று பிடித்துக்கொண்டன, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் சாட்டா எஸ்.எஸ்.டி. உட்கார்ந்தது. அன்றிரவு அதே டேலி, அதே எக்செல், அதே இருபது பக்கங்களோடு டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம்: மெமரி ஐம்பத்தெட்டு, டிஸ்க் இரண்டு. இப்போதெல்லாம் பேட்டரி நிற்கவில்லை என்று குறைப்படுகிறாள். ஆனால் அது வேறு வியாதி.