தீக்குப் பிறகு: நான்கு நகரங்கள் எடுத்த முடிவுகள்

ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் மூன்று செய்திகளை எழுதுவார்கள். யார் கட்டியது, எப்போது கட்டியது, எவ்வளவு உயரம். மூன்றும் தேவைதான். ஆனால், கட்டி முடித்த நாளோடு ஒரு கட்டடத்தின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அதன் பிறகு மழை, போர், தீ என்று ஏதாவது ஒன்று வருகிறது. ஒவ்வொரு முறையும் அங்கே வாழ்பவர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இடித்துவிடுவதா, பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா? இன்று நம் கண்முன் நிற்பவை அந்த முடிவுகள்தாம்.

சமூக அறிவியல் ஆசிரியரான எனக்கு, ஒரு கோடை விடுமுறையில் வட ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. நான் பார்த்த ஒவ்வொரு நகரத்திலும் தீயின் கதை ஒன்று இருந்தது. குளிர் நாட்டில் தீ இல்லாமல் வாழ முடியாது. மரவீடுகள் நெருக்கமாக நிற்கும் ஊரில் தீயோடு வாழ்வதும் எளிதல்ல. அந்த நகரங்களில் நான்கு, நம் வகுப்பறைக்கு நேரடியாகப் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

பெர்கன்: பழையபடியே கட்டிய ஊர்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் துறைமுகத்தில் ‘பிரிக்கன்’ என்ற பகுதி இருக்கிறது. அச்சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூம்புக் கூரை மரக்கட்டடங்கள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. 1360 வாக்கில் வட ஜெர்மானிய நகரங்களின் ‘ஹான்சா’ வணிகக் கூட்டமைப்பு இங்கே தன் அலுவலகத்தை அமைத்தது. வட நார்வேயிலிருந்து வந்த கருவாடுதான் முக்கியச் சரக்கு. உப்பே சேர்க்காமல், குளிர்காற்றிலேயே காயவைத்த மீன் அது. அதற்கு மாற்றாகத் தானியம் வந்து இறங்கியது.

இந்தக் கட்டடங்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. சமைக்கவும் குளிர்காயவும் பின்புறம் தனிக் கூடங்கள் கட்டினார்கள். குளிர்கால மாதங்களில் வணிகர்களும் பயிற்சிப் பையன்களும் அங்கேதான் கூடி உண்டார்கள். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பலமுறை தீப்பிடித்தது. 1702இல் நகரின் பெரும்பகுதியே எரிந்து போனது.

அப்போது மக்கள் எடுத்த முடிவு வியப்பானது. அதே மனைகளில், அதே குறுகலான சந்துகளை விட்டு, அதே முறையில் மீண்டும் மரத்திலேயே கட்டினார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் மரம் 1702க்குப் பிந்தையது. ஊரின் அமைப்போ இடைக்காலத்தைச் சேர்ந்தது. அந்தச் சந்துகளில் நடந்தபோது, இருபுறமும் சற்றே சாய்ந்து நிற்கும் மரச்சுவர்களில் பழைய பலகையும் புதுப் பலகையும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்தேன். அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பழைய தச்சு முறையிலேயே புது மரத்தைப் பொருத்துகிறார்கள்.

1955இல் மீண்டும் ஒரு தீ பிரிக்கனின் ஒரு பகுதியை அழித்தது. எரிந்த இடத்தில் தொல்லியலாளர்கள் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். ‘ரூன்’ என்னும் பழைய எழுத்துகள் பொறித்த 600க்கும் மேற்பட்ட மரக்குச்சிகளும் பிற பொருள்களும் கிடைத்தன. அவற்றில் சரக்குக்குக் கட்டிய பெயர்ச்சீட்டுகள் உண்டு. ‘வீட்டுக்கு வா’ என்று அழைக்கும் செய்தியும் உண்டு. இடைக்காலத்தில் சாதாரண மக்களும் எழுதினார்கள் என்பதற்கு அவை சான்றாயின. பிரிக்கன் 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஓலெசுண்ட்: புதிதாகக் கட்டிய ஊர்

அதே நார்வேயில் பெர்கனுக்கு வடக்கே ஓலெசுண்ட் என்ற மீன்பிடி நகரம் இருக்கிறது. 1904 ஜனவரி 23 அதிகாலையில், பலத்த காற்றோடு தீ பரவி ஏறத்தாழ 850 வீடுகளை அழித்தது. 10,000 பேர் வீடிழந்தார்கள். உயிரிழந்தவர் ஒருவர் மட்டுமே.

இந்த ஊர் எடுத்த முடிவு பெர்கனின் முடிவுக்கு நேர் எதிரானது. நகர மையத்தில் இனி மரத்தால் கட்டக் கூடாது. கல்லும் செங்கல்லுமே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். ஏறத்தாழ 50 கட்டடக் கலைஞர்கள் வேலையில் இறங்கினார்கள். இளைஞர்களான அவர்களில் பலர் வெளிநாடுகளில் படித்தவர்கள். 1907க்குள் நகரம் பெருமளவு எழுந்துவிட்டது. அப்போது ஐரோப்பாவில் புதிதாக இருந்த ‘ஆர் நூவோ’ பாணியில் கட்டினார்கள். இடையில் 1905இல் நார்வே, சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனி நாடானது. கூரான கோபுரங்களோடும் கொடி, இலை வேலைப்பாடுகளோடும் வைக்கிங் காலத்தை நினைவூட்டும் உருவங்களையும் இந்தச் சுவர்களில் பார்க்கலாம்.

ஒரே நாடு, ஒரே ஆபத்து. ஓர் ஊர் பழையதைத் திரும்பக் கட்டியது; மற்றோர் ஊர் பழையதை விட்டுவிட்டது. இன்று இரண்டையுமே பாரம்பரியம் என்கிறோம். எது சரி என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் விவாதம் நடக்கும்.

லூபெக்: உடைந்ததை அப்படியே விட்ட ஊர்

ஹான்சா கூட்டமைப்பின் தலைமை இடமாக இருந்தது வட ஜெர்மனியின் லூபெக். அந்தச் சமவெளியில் கட்டடக் கல் கிடைப்பது அரிது, களிமண்ணோ தாராளம். 13ஆம் நூற்றாண்டின் பெருந்தீக்களுக்குப் பிறகு நகரம் செங்கல்லுக்கு மாறியது. 1464 முதல் 1478 வரை கட்டிய ‘ஹோல்ஸ்டென்’ வாயிலும் செங்கல்தான். தூய மரியன்னை ஆலயத்தின் நடுக்கூடம் 38.5 மீட்டர் உயரம். உலகிலேயே மிக உயரமான செங்கல் வளைவுக் கூரை அதுதான்.

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் 28 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளால் பழைய நகரின் ஒரு பகுதி எரிந்தது. ஆலயத்தின் தென்கோபுரத்திலிருந்து மணிகள் விழுந்து நொறுங்கின. போருக்குப் பின் ஆலயத்தை எழுப்பியவர்கள், அந்த மணிகளை மட்டும் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். பாதி உருகி, தரையில் புதைந்து அவை இன்றும் கிடக்கின்றன. முழுமையாக நிற்கும் கூரைக்குக் கீழே உடைந்து கிடக்கும் மணி. போர் என்றால் என்ன என்று விளக்க அங்கே வேறு பலகை தேவையில்லை.

அதே ஆலயத்தில் வேறொரு பாடமும் இருக்கிறது. தீயின் வெப்பத்தில் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அடியில் இடைக்கால ஓவியங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. அவற்றைச் சீரமைக்கும் பணியில் இருந்த லோதார் மல்ஸ்காட் என்ற ஓவியர், தடயம் இல்லாத இடங்களில் தானே புதிய உருவங்களை வரைந்துவிட்டார். 1951இல் நாடே அவற்றைக் கொண்டாடியது. 1952இல் மல்ஸ்காட் தானே உண்மையை வெளியிட்டார். வழக்கு நடந்து அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் போலி ஓவியங்களும் அகற்றப்பட்டன. எது பழையது, எது பின்னர் சேர்த்தது என்று மறைக்காமல் சொல்வதுதான் சீரமைப்பின் முதல் விதி. வரலாற்றுப் பாடத்துக்கும் அதே விதிதான்.

கோபன்ஹேகன்: மூலையை வெட்டிய ஊர்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் நடந்தபோது, பழைய நகரின் தெருமுனைக் கட்டடங்கள் பலவற்றின் மூலை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதைக் கவனித்தேன். அது அலங்காரம் அல்ல. 1795இல் பெருந்தீ வந்தபோது, தீயணைப்போரின் நீண்ட ஏணிகள் குறுகலான தெருமுனைகளில் திரும்ப முடியவில்லை. ஆகவே, புதிய முனைக் கட்டடங்களின் மூலையை வெட்டியே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. இன்று சைக்கிளில் வருபவர்களுக்கு அந்த வெட்டுமுனை எதிர்வரும் வண்டியைப் பார்க்க உதவுகிறது.

இந்நகரின் பழைய பங்குச்சந்தைக் கட்டடம், நான்காம் கிறிஸ்டியன் மன்னர் காலத்தில் 1620களில் எழுந்தது. நான்கு டிராகன்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு மேலே செல்வது போன்றது அதன் கோபுரம். 2024 ஏப்ரல் 16 அன்று, சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே தீப்பிடித்துக் கோபுரம் சரிந்தது. தெருவில் சென்றவர்களும் சேர்ந்து உள்ளிருந்த ஓவியங்களைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். கட்டடத்தை மீண்டும் எழுப்புவதென்று உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள்.

இந்த மன்னரின் பெயர் நமக்கும் தொடர்புடையது. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்க 1616இல் அனுமதி அளித்தவர் இவரே. 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றார்கள். கோபன்ஹேகனின் பங்குச்சந்தையும் தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரே மன்னர் காலத்தவை. அங்கே எதிரி தீ; இங்கே கடலரிப்பு. கோட்டைக்கு அருகில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. களப்பயணமாகத் தரங்கம்பாடிக்குச் செல்லும் ஆசிரியர்கள், கோட்டையையும் கோயிலையும் சேர்த்தே காட்டலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

வெளிநாட்டுப் பயணம் இல்லாமலேயே இந்தப் பார்வையை மாணவர்களிடம் வளர்க்க முடியும். பள்ளிக்கு அருகில் 50 ஆண்டு கடந்த கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஓட்டு வீடோ, அஞ்சலகமோ, நம் பள்ளியின் பழைய வகுப்பறையோ எதுவானாலும் சரி. குழுவாகச் சென்று மூன்று கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லுங்கள்.

1. இதைக் கட்ட இந்தப் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அது எங்கிருந்து வந்தது?

2. திண்ணை, தாழ்வாரம், கூரைச் சரிவு போன்ற ஒவ்வொரு பகுதியும் எதற்காக இருக்கிறது?

3. எது பின்னால் மாறியது? யார், ஏன் மாற்றினார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பாடநூலில் விடை கிடைக்காது. ஊரில் உள்ள மூத்த கொத்தனாரையும் தச்சரையும் வீட்டுப் பெரியவர்களையும் கேட்க வேண்டும். அவர்கள் பெயரையும் சொன்னதையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். நேரில் பார்த்தது, கேட்டது, ஊகித்தது என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்வது நல்லது. ஆறாம் வகுப்பு மாணவர் படம் வரைந்து குறிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் அளந்து வரைபடம் தயாரிக்கலாம்.

கட்டடத்தை அடுத்த ஆண்டே இடித்துவிடக்கூடும். அப்படி நடந்தாலும், அந்த நோட்டுகளைப் பள்ளி நூலகத்தில் வைத்திருங்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி ஊரில் இருக்கும் ஒரே எழுத்துப் பதிவு அவையாகவே இருக்கலாம்.