கிழிந்த அட்டைக்கும் கிராக்கி

அட்டை கிழிந்திருக்கிறது. ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டாலே உதிர்கிறது. இப்படி ஒரு காமிக்ஸ் புத்தகத்தை யாராவது லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவார்களா, நேயர்களே?

வாங்குகிறார்கள்! 1938-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்தான் அது. பச்சை நிறக் கார் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கியபடி சூப்பர்மேன் அறிமுகமானது அந்த இதழில்தான். அன்றைய விலை வெறும் பத்து சென்ட்.

படித்துவிட்டுத் தூக்கிப் போட்டவர்கள் பலர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, பழைய காகிதச் சேகரிப்பில் எத்தனையோ காமிக்ஸ்கள் கூழாகிப் போயின. இந்த முதல் இதழின் பிரதிகளில் எஞ்சியவை மிகச் சொற்பம். அவற்றில் நல்ல நிலையில் இருப்பவை கோடீஸ்வரர்களுக்கே எட்டும் விலைக்குப் போய்விட்டன. அதனால்தான், தரத்தில் பத்துக்கு அரை மதிப்பெண் வாங்கிய பிரதிக்கும் இப்போது போட்டி!

ஒரு விஷயம் தெரியுமா? கிழிசலை மறைக்க வண்ணம் பூசினால், மதிப்பு கூடாது, குறைந்துதான் போகும். சேகரிப்பாளர்கள் தேடுவது, காலம் விட்டுவைத்த அசல் பிரதியை. ஆகவே, வீட்டுப் பரணில் பழைய காமிக்ஸ் கிடைத்தால், பசையும் டேப்பும் வேண்டாம். ஈரம் படாமல், வெயில் படாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்!