எதற்குக் குரல் கொடுப்பது?

தீர்த்தமலைக்குப் புனித நீராடச் செல்லும் அன்பர்கள் அறிந்திருக்கலாம்: அம்மலை சேலம் ஜில்லாவில் இருந்த காலத்தில், 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, வேறொரு 'தீர்த்தம்' அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் முதன் முதலாக மதுவிலக்குப் பெற்றது அந்த ஜில்லாதான்.

அதற்குப் பல்லாண்டு முன்பே நிலத்தைப் பண்படுத்தியது, ராஜாஜி 1925-இல் நிறுவிய திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். கிராமத்துக்குக் குறைகள் ஆயிரம். சிறு சங்கம் எதை எடுத்துக்கொள்வது? ராட்டையில் வந்த கூலி கள்ளுக்கடையில் கரையுமானால் கதர்த் தொண்டால் பயன் என்ன? உபதேசத்தால் மட்டும் கடை மூடாது. கடையை ஏலம் விட்டது சர்க்கார் அல்லவா? எனவே, 1929-இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகை பிறந்தது.

பிரதம மந்திரியாகி ராஜாஜி சட்டம் செய்தபோது, வருமான நஷ்டத்துக்கும் வழி காண வேண்டியிருந்தது. 1939-இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது வேறு கதை.

இன்றைய பொதுநலச் சங்கங்களுக்கு நாம் சொல்வது இதுவே: துன்பம் நம் தொண்டில் நேரே கண்டதா? சட்டத்தால் தீருமா? செலவுக்கு வழி சொல்வோமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் குரல் எழுப்புக; இல்லையேல், தொண்டைத் தொடர்க.