முழங்கால் வாதமும் நீர்ப்பயிற்சியும்

கீரிமலைக் கேணிக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். கைத்தடியை ஊன்றிப் படியிறங்கும் முதியவர் ஒருவர், மார்பளவு நீரில் நின்றதும் தடியை மறந்து நடமாடத் தொடங்குவார்; கரையேறியதும் பழையபடி தடியைத் தேடுவார். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும் குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் இங்கு நீராடிப் பிணி நீங்கினர் என்பது ஐதிகம். எனவே, தீர்த்தத்தின் மகிமை என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். மகிமை இருக்கட்டும், முதியவர் தடியை மறந்த காரணத்தைப் பௌதிகம் கற்கும் மாணவர் எவரும் கூறிவிடுவர்.

நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேல்நோக்கி உந்தும் என்ற ஆக்கிமிடிசின் தத்துவமே அது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் நிறையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. மார்பளவு நீரில் அது மூன்றிலொரு பங்களவுக்குக் குறைகிறது. நிலத்திலோ, சமதரையில் நடக்கும்பொழுதே முழங்கால் மூட்டின்மேல் உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. குருத்தெலும்பு தேய்ந்த மூட்டுக்கு இது சிறு சுமையன்று.

எமது தமக்கையாருக்கு 68 வயது. வலிக்கு அஞ்சி அவர் நடையைச் சுருக்கினார். கோயில் வரை சென்றவர் முற்றத்தோடு நின்றார். பின்னர் சாய்மனைக் கதிரையோடு அமைந்தார். “நடந்தால் இன்னும் தேஞ்சு போயிடும், தம்பி” என்பார். “நீங்கள் இருங்கோ அக்கா” என்று தண்ணீர்ச் செம்பையும் நாமே கொண்டுபோய்க் கையிற் கொடுத்தோம். அன்பினாற் செய்த அது பெரும் பிழை. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டுமன்று. தொடையின் முன்புறத் தசையே அதற்கு முட்டுக்கொடுத்து நிற்பது. அசையாதிருந்தால் அத்தசை மெலியும். மெலிந்தால் வலி கூடும். வலி கூடினால் அசைவு மேலும் குறையும்.

வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி, எமது மகள் அவரை வாரம் இருமுறை பெண்கள் கேணிக்கு அழைத்துச் சென்றாள். சுவரைப் பற்றியவாறு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடத்தல், ஒரு காலில் நின்று மறுகாலை முன்னே நீட்டி மடக்குதல், தொடையை உயர்த்தித் தாழ்த்துதல், பயிற்சி இவ்வளவே. பத்து நிமிடத்தில் தொடங்கி அரைமணி நேரம் வரை கூட்டினர். இதில் ஒரு நயம் உண்டு. மெல்ல அசைத்தால் நீர் மெல்லத் தடுக்கும். விரைந்து அசைத்தால் வலிந்து தடுக்கும். ஆகையால் பயிற்சியின் கடுமையை நோயாளியே கூட்டவும் குறைக்கவும் இயலும்.

இதனால் நோய் அடியோடு நீங்கும் என எவரும் மயங்கவேண்டாம். தேய்ந்த குருத்தெலும்பை எந்த நீரும் வளர்க்காது. முழங்கால், இடுப்பு வாதமுள்ளோரிடம் நடந்த 13 ஆய்வுகளைக் கொக்கிறேன் அமைப்பினர் 2016 இல் ஒருங்கே பரிசீலித்து, வலியும் இயலாமையும் சிறிதளவே, அதுவும் குறுகிய காலத்திற்கே, குறைந்தன எனக் கண்டனர். ஆயினும், நிலத்தில் அடியெடுத்து வைக்கவே அஞ்சும் ஒருவருக்கு அச்சிறிதளவு ஒரு தொடக்கமாகும். காலில் வலு வந்தபின் நிலத்திலும் பயிற்சியைத் தொடரவேண்டும்.

வெப்பம்தானே மருந்து, கன்னியாவுக்குப் போகலாமே என்று சிலர் கேட்பர். அவ்வேழு கிணறுகளிலும் வெந்நீரை அள்ளி ஊற்றலாமேயன்றி இறங்கி நிற்க முடியாது. இதம் கிடைக்கும், பயிற்சி நடவாது. நீர்ச்சிகிச்சைத் தடாகங்களில் நீரைச் சுமார் 33 பாகைச் சூட்டில் வைத்திருப்பர். நம்மவர் வெயில் ஏறியபின் இறங்குவது நன்று.

இருதய நோய், வலிப்பு, ஆறாத புண் உடையோர் வைத்தியரைக் கேளாது நீரில் இறங்கலாகாது. மூட்டுச் சிவந்து வீங்கிக் கொதித்தால் முதலில் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். தனியே செல்லுதல் எவருக்கும் தகாது. பாசி படர்ந்த படி ஓர் ஆபத்து. கரையேறும்பொழுது நீர் தாங்கிய பாரம் முழுவதும் மீண்டும் காலில் இறங்குவது மற்றோர் ஆபத்து. கடைசிப் படிகளில் சற்றே நின்று, ஒருவர் கைபற்றி ஏறுதல் வேண்டும்.

நான்கு மாதங்களின் பின், சென்ற வெள்ளிக்கிழமை, தமக்கையார் கோயிலுக்கு நடந்தே சென்றார். திரும்பும்பொழுது மட்டும் முச்சக்கரவண்டி பிடித்தோம்.