சுவரைப் படியெடுத்த கையும் கனவைத் தீட்டிய கையும்

பழைமையைப் போற்றுவோன் புதுமையைப் படைக்கமாட்டான் என்றும், புதுமையை நாடுவோன் பழைமையைப் பயில வேண்டுவதில்லை என்றும் இருவேறு கொள்கைகள் நம் இலக்கிய வட்டங்களில் நெடுங்காலமாக உலவி வருகின்றன. முன்னதைப் பண்டிதர்மீது ஏற்றிக் கூறுவர். பின்னதை இளைஞர் தமக்குத் தாமே கூறிக்கொள்வர். இவ்விரண்டும் பொருந்தா என்பதற்கு நம் நாட்டு ஓவியர் எல். ரி. பி. மஞ்சுசிறியின் வாழ்வே தக்க சான்றாகும்.

1902இல் அளுத்கமவிற் பிறந்து, இளமையிலேயே பௌத்த துறவு பூண்ட மஞ்சுசிறி, 1932இல் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். பின்னர் அவர் மேற்கொண்டது புகழ் தரும் பணியன்று. ஊர்தோறும் சென்று, விகாரைச் சுவர்களிலுள்ள பழைய ஓவியங்களைக் கோடு பிசகாமற் படியெடுத்தார். மழைநீர் ஊறியும், சுதை உதிர்ந்தும், திருப்பணியின் பெயரால் மேற்பூச்சுப் பெற்றும் அழிந்தொழிந்த பல ஓவியங்களை இன்று அப்படிகளிலேயே காண்கின்றோம். செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1887இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் சாமிநாதையர் சிந்தாமணியையும் பதிப்பித்த வரலாறு நாம் அறிந்ததே. அவர்கள் ஏட்டிற்குச் செய்ததை இவர் சுவருக்குச் செய்தார்.

இத்தகையவர் பழைமையிலேயே உறைந்துபோயிருப்பார் என்று எவரும் எண்ணக்கூடும். நடந்தது வேறு. 1943இல் கொழும்பில் லயனல் வென்ற் முன்னின்று கூட்டிய ‘43ஆம் ஆண்டுக் குழு’வில், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல முதலியோருடன் காவியுடையிலேயே இவரும் சேர்ந்தார். தமிழரான எஸ். ஆர். கனகசபையும் அக்குழுவின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். பின்னாளில் மஞ்சுசிறி துறவாடை களைந்தார். அவரது சொந்தப் படைப்புகளும் மரபுவழி உருவங்களை விட்டகன்று, கனவுநிலை சார்ந்த மீயதார்த்த ஓவியங்களாகவும் அருவ ஓவியங்களாகவும் வளர்ந்தன.

மீயதார்த்தவாதம் என்பது யாது? 1924இல் பாரிஸ் நகரில் அந்திரே பிறெற்றன் வெளியிட்ட கொள்கை விளக்கத்தோடு தோன்றிய இயக்கம் அது. அறிவின் காவலை நீக்கி, அடிமனத்தையும் கனவையும் நேரே பேசவிடுவது அதன் நோக்கம். 1931இல் சல்வதோர் டாலி தீட்டிய, துவண்டு வழியும் கடிகாரங்கள் அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. நமக்கும் கனவு புதிதன்று. சிலப்பதிகாரத்திற் கண்ணகியும் கனவு காண்கின்றாள், கோவலனும் காண்கின்றான், பாண்டிமாதேவியும் காண்கின்றாள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காப்பியக் கனவு வரப்போவதை உரைக்கும். மீயதார்த்தக் கனவோ உள்ளே புதைந்து கிடப்பதைத் தோண்டும்.

மஞ்சுசிறிக்கு இவ்வழி அந்நியமாகத் தோன்றாமைக்குக் காரணம் அச்சுவர்களே என்பது என் துணிபு. கண்டிக்கால ஓவியத்திற் சேய்மையும் அண்மையும் இல்லை. ஒரே மாந்தன் ஒரே வரிசையில் மூன்று நான்கு இடங்களில் நிற்பான். காலமும் இடமும் கனவிற் போலவே ஒன்றோடொன்று கலந்திருக்கும். தெகல்தொறுவையில் மாரன் படையைக் கண்டவர்க்கு, விசித்திர உருவங்களைப் பாரிஸிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பது விளங்கும். சுவரைப் படியெடுத்த கை, அச்சுவரின் சொல்லிலக்கணத்தைக் கற்றது. கற்ற இலக்கணத்தால் தன் சொந்த வாக்கியத்தை எழுதியது. நன்னூலை நெட்டுருப் பண்ணியதோடு நின்றவனும் கவியாகான். நன்னூலே அறியாதவன் அதனை மீறினான் என்பதும் பொருளற்ற பேச்சு.

அவர் சேகரித்த விகாரை ஓவியங்களின் அலங்காரக் கூறுகள் 1977இல் நூலாயின. 1979இல் மக்சாய்சாய் விருது கிட்டியது. 1982இல் அவர் மறைந்தார்.

ஊவாவில் வாழும் நமக்கு இதிற் கடமை ஒன்று உண்டு. பதுளை – பண்டாரவளை வீதியிலுள்ள தோவ குகை விகாரையின் சுவரோவியங்களைப் பலரும் பேருந்தில் இருந்தவாறே கடந்து செல்கின்றனர். நம் தோட்டக் கோயில்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பெயரறியாத கைகள் எழுதிய மாரியம்மனும் முனியாண்டியும் ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் புது வண்ணத்தின்கீழ் மறைகின்றனர். காமன் கூத்தின் ஒப்பனைகளும் அருச்சுனன் தபசின் அணிகலன்களும் ஆடுவோர் நினைவோடு போய்விடுகின்றன. வெள்ளையடிக்கு முன் ஒரு படி எடுத்துவைப்போர் இல்லை.

ஆசிரிய நண்பர்கள் ஓவிய பாடத்தில் ரோசாப்பூவையும் மாங்கனியையும் சிறிது ஓயவிட்டு, மாணவரைத் தத்தம் தோட்டத்துக் கோயிற் சுவரின்முன் தாளும் கரிக்கோலுமாக உட்கார வைப்பாராக. இருப்பதைக் கோடு பிசகாமல் எழுதட்டும். அவருள் ஒருவன் நாளை லயத்துக் கூரையையும், பனிமூட்டத்தையும், தன் பாட்டியின் கொழுந்துக் கூடையையும் நாம் கனவிலும் கண்டிராத வடிவில் தீட்டுவானாயின், அப்பொழுது ‘இது நம் மரபன்று’ என்று பண்டிதரும் கூறார். ‘இது பழைமை’ என்று இளைஞரும் கூறார்.