உஷார்! மீட்டருக்கு இந்தப் பக்கம் உடைந்தால் உங்கள் பணம்தான்

கம்போங் மேடானில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் படிக்க வேண்டும். வீட்டுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ உடைந்தால் யார் காசு கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். "ஆயர் சிலாங்கூர்காரங்க வந்து பார்ப்பாங்க" என்பார் ஒருவர். "அதான் இன்ஷூரன்ஸ் கட்டுறோமே" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு நம்பிக்கையும் பெரும்பாலான நேரங்களில் கைவிட்டுவிடும். கைவிடுகிற நாளில்தான் அது தெரியவும் வரும்.

வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டர்தான் எல்லை. சாலையிலிருந்து மீட்டர் வரைக்கும் வரும் குழாய் ஆயர் சிலாங்கூரின் பொறுப்பு; 15300-க்கு அழைத்தால் ஆள் அனுப்புவார்கள். மீட்டரைத் தாண்டி, கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கு அடியில் புகுந்து, கூடத்தைக் கடந்து பின்கட்டுச் சமையலறை வரைக்கும் போகிற குழாய் முழுவதும் உங்களுடையது. கழிவுநீரும் அப்படியே. பொதுக் குழாய் இண்டா வாட்டருடையது. உங்கள் கழிவறையிலிருந்து அந்தப் பொதுக் குழாயில் போய்ச் சேரும் வரை உள்ள இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. மின்சாரத்திலும் தெனாகாவின் பொறுப்பு மீட்டரோடு நின்றுவிடும்.

தரைக்குள் கசியும் தண்ணீர் சத்தம் போடாது. சமையலறை டைல்ஸ் இடுக்கில் லேசான ஈரம் தெரியும். துடைத்துவிட்டுப் போனால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி ஈரம். சில வாரத்தில் ஒரு டைல்ஸின் மேல் கால் வைத்தால் அடியில் மண் இல்லாததுபோல் 'டொக்' என்று கேட்கும். சுவரோரம் உப்புப் பூக்கும். இதற்குள் பில்லும் வந்துவிடும்.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கனமீட்டர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சிலாங்கூர் மாநில அரசு தரும் இலவசத் தண்ணீரே மாதம் 20 கனமீட்டர்தான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், யாரும் குடிக்காத, குளிக்காத தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பயன்பாடு கூடக்கூட ஒரு கனமீட்டரின் விலையும் ஏறும் என்பதால் பில் இரட்டிப்போடு நிற்காது.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். கூரைத் தொட்டி நிரம்பி, வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகு, கைவிளக்கோடு போய் மீட்டரைப் பாருங்கள். முள்ளோ சிறு சக்கரமோ அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால்கூட எங்கோ ஒழுகுகிறது. எண்களைப் படம் எடுத்து வைத்து, விடிந்ததும் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு படம் எடுங்கள். அந்த இரண்டு படமும் பின்னால் காப்புறுதி நிறுவனத்திடம் பேசும்போது உதவும்.

நிறுவனம் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'எது உடைந்தது' என்பதைவிட 'எப்படி உடைந்தது' என்பதுதான். பணம் வருவதும் வராததும் அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. நம் நாட்டில் வீட்டுக்குப் பொதுவாக விற்கப்படுவது மூன்று வகை. அடிப்படைத் தீ காப்புறுதி தீ, மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு சரி. குழாய் என்ற பேச்சே அதில் கிடையாது. வீட்டுடைமையாளர் காப்புறுதி கொஞ்சம் விரிவானது. வெள்ளம், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது, திருடர்கள் கட்டடத்துக்குச் செய்யும் சேதம் எல்லாம் அதில் உண்டு. மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கானது. வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்க வேண்டியது அதுவே. தக்காஃபுல் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பிரிவுகள்தான்.

இரண்டாவது வகை இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 'வெடித்து வழிவது' என்பது ஒரே நேரத்தில் நடந்த திடீர் விபத்து. 30 வருடம் ஓடித் துருப்பிடித்த இரும்புக் குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தேய்மானம் என்று பெயர். தேய்மானத்துக்குக் காப்புறுதி பணம் தராது. வெடிப்புக்கே பணம் கிடைத்தாலும், தண்ணீர் நாசம் செய்த தரைக்கும் சுவருக்கும் கிடைப்பது வேறு, தரையைத் தோண்டிப் பழைய குழாயை எடுத்துப் புதிதாகப் போடும் செலவு வேறு. அந்தத் தோண்டும் செலவுதான் பெரியது. டைல்ஸை உடைத்து, கான்கிரீட்டைக் கொத்தி, குழாயை மாற்றி, மண் கொட்டி இறுக்கி, மறுபடி டைல்ஸ் போட வேண்டும். பழைய டைல்ஸின் நிறம் இப்போது கடையில் கிடைக்காது என்பதால் பாதிச் சமையலறையையே மாற்றியவர்களும் உண்டு. குழாய் வெடிப்புப் பிரிவில் ஒவ்வொரு இழப்பிலும் முதல் 50 ரிங்கிட் நம்முடையது என்பது பெரிய விஷயமில்லை. வீடு ஆளில்லாமல் கிடந்த நாட்களில் குழாய் வெடித்தால் பணம் இல்லை என்ற விலக்குதான் நெருடுகிறது. தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் பத்திரத்தில் அந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிளம்பும்போது மீட்டர் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

"எல்லாமே கவர் ஆகும் அக்கா, கவலைப்படாதீங்க" என்று ஏஜென்ட் தம்பி சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்காது. அவரும் முழுப் பத்திரத்தைப் படித்திருக்க மாட்டார். "சரி தம்பி, தரைக்கு அடியில இருக்கிற குழாய் உடைஞ்சா தோண்டுற செலவைக் கொடுப்பாங்களா? கசிஞ்சு தரை இறங்கினா கொடுப்பாங்களா? ரெண்டுக்கும் பதிலை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க" என்று கேளுங்கள். எழுத்தில் வராத பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தரை இறங்குவது பற்றி ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன்? 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, நம் பெட்டாலிங் மாவட்டத்திலேயே புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸின் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். உயிர்ச்சேதம் இல்லை என்பதே பெரும் ஆறுதல். காயமடைந்தவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். ஜூன் மாத இறுதியில் வெளியான விசாரணை முடிவு என்ன சொன்னது? நிலம் ஈரம் ஏறி இளகியதால் குழாய்க்கு அடியில் இருந்த பிடிமானம் குறைந்தது, குழாய் அசைந்து அசைந்து பற்றவைத்த மூட்டு விட்டுப்போனது என்றது. எஃகுக் குழாய்க்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டுச் சிமெண்டுக்கு அடியில் ஈரமண்ணில் கிடக்கும் குழாயை நினைத்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்படித் தீப்பிடித்து வீடு எரிந்தால் மிகச் சாதாரணத் தீ காப்புறுதிகூடப் பணம் கொடுக்கும். அதே போன்ற இளகிய மண்ணில் உங்கள் தண்ணீர்க் குழாய் கசிந்து, மண் அரித்துப் போய், தரை அமிழ்ந்து சுவர் விரிந்தால் வழக்கமான பத்திரம் கைவிரிக்கும். நிலம் அமிழ்வதும் சரிவதும் விலக்கப்பட்டவை. கூடுதல் பிரீமியம் கட்டி அந்தப் பிரிவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்; நாம் கேட்டாலொழிய அதை யாரும் எடுத்துச் சொல்வது அபூர்வம். 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்ணை 8 மீட்டர் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டது. கழிவுநீர்க் குழாய்களுக்குள் நாள்கணக்கில் தேடியும் அவர் கிடைக்கவில்லை. காலடி மண்ணை நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது என்பதற்கு இதற்கு மேல் எந்தச் சாட்சியமும் வேண்டாம்.

கம்போங் மேடானுக்கே உரிய இன்னொரு ஆபத்தைச் சொல்கிறேன். தோட்டங்களை விட்டு வந்து, பலகை வீட்டில் இருந்து, பாடுபட்டு ஒரு மலிவு விலை வரிசை வீட்டை வாங்கிய குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளைகள் வளர வளர வீடு போதாமல் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வேறு வழி இல்லை. ஆனால் அந்தப் பின்பக்கத்தில்தான் பல வீடுகளில் கழிவுநீர் இணைப்பும் மேன்ஹோல் மூடியும் இருந்தன. இன்றைக்கு அவை டைல்ஸுக்கு அடியில், சில வீடுகளில் கேஸ் அடுப்பு மேடைக்கு அடியில். அடைப்பு வந்தால் திறக்க வழியில்லை, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். பெட்டாலிங் ஜெயா மாநகராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி என்றால் காப்புறுதி நிறுவனம் அதையே காரணம் காட்டலாம். அனுமதியோடு கட்டியிருந்தாலும், காப்புறுதித் தொகையை அதற்கேற்ப உயர்த்தாமல் விட்டவர்களுக்கு விகிதக் கழிவு விழும். வீட்டைத் திரும்பக் கட்ட 200,000 ரிங்கிட் ஆகும் என்ற நிலையில் நீங்கள் 100,000-க்கு மட்டும் எடுத்திருந்தால், 20,000 ரிங்கிட் சேதத்துக்குப் பாதிதான் கைக்கு வரும்.

வங்கிக் கடனை அடைத்து முடித்தவர்களுக்கு இது மிக அவசரம். கடன் இருந்தவரை வங்கியே தீ காப்புறுதியைப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கும். கடைசித் தவணை கட்டி வீட்டுப் பத்திரம் கைக்கு வந்த பிறகு வங்கிக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை, புதுப்பிக்கவும் மாட்டார்கள். அப்பா காலத்து வீட்டில் பல வருடமாக எந்தக் காப்புறுதியும் இல்லாமல் பிள்ளைகள் குடியிருப்பதும், அது அவர்களுக்கே தெரியாமல் இருப்பதும் நடக்கிறது. கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ காப்புறுதி உயிருக்கானது. வீட்டுச் சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பொது இடத்தின் தரைக்கு அடியில் உள்ள குழாய்கள் கூட்டு நிர்வாகத்தின் பொறுப்பு; கட்டடத்துக்குக் காப்புறுதி எடுத்து வைப்பதும் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அவர்கள் கடமை. பராமரிப்புக் கட்டணம் வசூலாகாத பிளாக்குகளில் அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

அமெரிக்காவில் நிலத்தடி இணைப்புகளுக்கென்றே தோண்டும் செலவையும் சேர்த்து ஒரு துணைப் பிரிவு விற்கிறார்கள். பிரிட்டனில் வீட்டுக் காப்புறுதிகள் பலவற்றில் நிலத்தடிக் குழாய்க்கு நேரும் எதிர்பாராத சேதம் சேர்ந்தே வருகிறது. நம் ஊர் வழக்கமான பத்திரத்தில் அந்தப் பெயரில் ஒரு பிரிவைத் தேடினால் கிடைக்காது. நாம் கேட்க ஆரம்பித்தால்தான் இங்கேயும் வரும்.

குழாய் உடைந்துவிட்டது என்றால், பிளம்பர் குழியை மூடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். குழாயின் உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கசிவா வெடிப்பா என்ற சண்டைக்கு அந்தத் துண்டுதான் ஆதாரம். ரசீதில் என்ன கோளாறு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். பெரிய வேலையைத் தொடங்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். தண்ணீரை நிறுத்துவதற்கு மட்டும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் கொடுக்கலாம். 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதி வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள், நமக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.